கீழே இருப்பவர் சொல்லும் ‘முடியாது’

சென்னையில் ‘ஓமந்தூரார்’ என்றால் ஆஸ்பத்திரி. அண்ணா சாலையில் அந்தப் பெரிய கட்டடத்தைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஊரிலிருந்து வந்த மனிதரின் பெயர் என்று தெரியும்? ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கிளியனூர், வானூர் வட்டம் தொடங்கிவிடும். அந்த ஊர்க்காரரான ஓ.பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். இரண்டு வருஷமும் இரண்டு வாரமும். இந்தியா விடுதலை அடைந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான்.

அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ‘நேர்மையானவர், எளிமையானவர்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த இரண்டு சொற்களும் தேய்ந்துபோன காசு மாதிரி. கையில் இருக்கும், ஒன்றும் வாங்க முடியாது. லஞ்சம் வாங்கவில்லை, சொத்து சேர்க்கவில்லை என்பது ஒருவரைப் பற்றி நல்ல செய்திதான். ஆனால் ஒரு தலைவரைப் பற்றி அது போதுமான செய்தியா? தான் எதையும் தொடாமல், தன் கீழே இருப்பவர்கள் எல்லாவற்றையும் தொட வேண்டிய நிலையை உண்டாக்கிவைத்திருக்கும் ஒருவரை நேர்மையானவர் என்று சொல்வோமா? அப்படிப்பட்டவர்களை நம்மில் பலர் ஆபீஸில் பார்த்திருக்கிறோம். அவர்கள் கை சுத்தமாக இருக்கும். கையெழுத்து மட்டும் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

ஓமந்தூரார் மீது அவருடைய சொந்தக் கட்சியிலேயே இருந்த பெரிய மனக்குறை, அவர் சிபாரிசுக்கு இடம் கொடுக்கவில்லை என்பது. விடுதலை வந்துவிட்டது, நம் கட்சி ஆட்சி, நம் ஆள் முதலமைச்சர். ஜெயிலுக்குப் போய் வந்தவர்களுக்கும் அவர்களைச் சுற்றி இருந்தவர்களுக்கும் எதிர்பார்ப்பு இருந்தது. நியமனம், இடமாற்றம், லைசென்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச்சீட்டு. அந்தச் சீட்டுகள் அதிகாரியின் மேசைக்குப் போகும் வழியில் அவர் உட்கார்ந்திருந்தார். கட்சிக்குள் கோஷ்டிப் பூசல் இருந்தது, வகுப்புவாரி ஒதுக்கீட்டை அவர் மாற்றி அமைத்ததில் கோபமும் இருந்தது. எதிரிகள் அவரைத் ‘தாடியில்லாத ராமசாமி’ என்று கிண்டல் செய்தார்கள். எல்லாம் சேர்ந்து 1949-இல் சட்டமன்றக் கட்சியின் ஆதரவு போனது. பி.எஸ். குமாரசுவாமி ராஜா வந்தார். ஓமந்தூரார் பிற்பாடு வடலூருக்குப் போய் வள்ளலார் பெயரால் கல்விப் பணியிலும் அநாதைக் குழந்தைகளைப் பராமரிப்பதிலும் காலத்தைக் கழித்தார். 1970-இல் இறந்தார்.

இந்தக் கதையில் நான் கவனிக்க நினைப்பது ஒரே ஒரு விஷயம். அன்றைக்கு ஏதோ ஒரு தாலுகா ஆபீஸில் ஒரு தாசில்தார் ‘முடியாது’ என்று சொல்லியிருப்பார். அதற்கான விலையை அந்தத் தாசில்தார் கொடுக்கவில்லை, முதலமைச்சர் கொடுத்தார். தன் நாற்காலியாகக் கொடுத்தார்.

நேர்மைக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. யாராவது அதைக் கொடுத்தே ஆக வேண்டும். கேள்வி, யார் கொடுப்பது என்பதுதான்.

*

வானூர் பக்கம் இந்தக் கேள்வி ரொம்ப ஸ்தூலமானது. வட்டத்தின் சொத்து மண்ணும் கல்லும். ஆரோவில் பக்கம் மழை அறுத்த செம்மண் ஓடைகள். திருவக்கரையில் ஒருபுறம் கல்லாகிப்போன மரங்களின் பூங்கா, இன்னொருபுறம் கல் குவாரிகள். பூத்துறைச் செம்மண் குவாரி தொடர்பாக 2012-இல் பதிவான வழக்கு செய்தித்தாள் படிக்கிறவர்கள் அறிந்தது. அதில் எது உண்மை என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை, இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. எந்த வழக்கும் இல்லாத சாதாரண நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

ஒரு லாரி லோடு கிளம்ப ஒரு நடைச்சீட்டு வேண்டும். எத்தனை ஆழம் வெட்டலாம், எத்தனை யூனிட் எடுக்கலாம் என்று காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். பெரும்பாலும் அந்த அலுவலகத்திலேயே சின்னச் சம்பளக்காரர். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், ஒரு எழுத்தர். அரசின் நேர்மை முழுவதும் அந்த இடத்தில் ஒரே ஒரு மனிதரின் முதுகெலும்பில் வந்து உட்காருகிறது. மேலே இருப்பவர்கள் கொள்கை பேசலாம். அவர் லாரிக்கு முன்னால் நிற்க வேண்டும்.

அப்படி நின்ற ஒருவரின் பெயர் லூர்து பிரான்சிஸ். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு பகுதியின் கிராம நிர்வாக அலுவலர். தாமிரபரணியில் மணல் திருடப்படுவதைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று, பட்டப்பகலில், தன் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே வெட்டப்பட்டு இறந்தார். அதே வருஷம் செப்டம்பரில் குற்றவாளிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதி வேகமாகவே வந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தப் புகாரைப் பற்றி யோசியுங்கள். ஆற்று மணல் அவருடையது இல்லை. அதைக் காப்பாற்ற அரசு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு எத்தனையோ துறைகள், எத்தனையோ அடுக்குகள். கடைசியில் வெட்டரிவாளுக்கு எதிரில் இருந்தது ஒரு ஆள், ஒரு மேசை.

லூர்து பிரான்சிஸைத் தியாகி என்று சொல்வது சரிதான். ஆனால் ஒரு வேலையிடத்தில் கடமையைச் செய்ய ஒருவர் தியாகியாக வேண்டியிருக்கிறது என்றால், அது அவருக்குப் பெருமை, அந்த அமைப்புக்கு அவமானம். நாம் முதல் பாதியைக் கொண்டாடிவிட்டு இரண்டாவது பாதியைப் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

*

நம்மிடம் இருக்கும் மிகப் பழைய ‘ஆபீஸ் கதை’ என்று நான் நினைப்பது சிலப்பதிகாரத்தில் கோவலன் கொல்லப்படும் இடம். அதைக் காதல், கற்பு, ஊழ் என்று படித்துப் பழகிவிட்டோம். ஒருமுறை நிர்வாகக் கதையாகப் படித்துப் பாருங்கள்.

அரசன் ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானம் செய்யப் போய்க்கொண்டிருக்கிறான். அவசரம். வழியில் பொற்கொல்லன் காலில் விழுந்து, காணாமல் போன சிலம்போடு திருடன் சிக்கிவிட்டான் என்கிறான். அரசன் நின்று விசாரிக்கவில்லை. காவலர்களைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று எடுத்து வாருங்கள் என்று ஒரு வாய்மொழி உத்தரவு போட்டுவிட்டுப் போகிறான். இன்றைக்கு லிஃப்டில் போகும்போது மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘முடிச்சிடுங்க’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இது சமம்.

காவலர்கள் போகிறார்கள். கூட வழிகாட்டியாகப் போவது யார்? புகார் சொன்ன அதே பொற்கொல்லன், உண்மையான திருடனும் அவனே. கோவலனைப் பார்த்ததும் காவலர்களுக்குத் தயக்கம் வருகிறது. இவன் முகக்குறியைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று ஒருவன் வெளிப்படையாகவே சொல்கிறான். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, திருடர்களின் சாமர்த்தியத்தைப் பற்றி நீளமாக வகுப்பு எடுக்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, படிப்பறிவில்லாத, குடிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

அங்கே சந்தேகம் இருந்தது. சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லும் மனிதனும் இருந்தான். இல்லாதது ஒன்றே ஒன்று: ‘திரும்பிப் போய் ராஜாவைக் கேட்போம்’ என்று சொல்வதற்கான வழி. அரண்மனை ஒன்றும் வேறு நாட்டில் இல்லை, அதே மதுரைதான். ஆனால் உத்தரவு கீழே இறங்க ஒரு பாதை இருந்தது, சந்தேகம் மேலே ஏற ஒரு பாதை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கடைசியில் செயல்படுகிறவன் யாரென்றால், கூட்டத்திலேயே குறைவாக யோசிக்கிறவன். யோசிப்பவர்கள் தயங்கி நிற்பார்கள், யோசிக்காதவன் முடித்துவிடுவான். ‘நல்லவங்க நிறைய பேர் இருக்காங்க சார், ஆனா எப்படியோ தப்பு நடந்துடுது’ என்று பல நிறுவனங்களில் சொல்லப்படுவதன் விளக்கம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது பாண்டியன் ஒரு காரியத்தை மட்டும் செய்யவில்லை. பொற்கொல்லனைக் கைகாட்டவில்லை, வாள் வீசிய காவலனைக் கைகாட்டவில்லை. பிழை என்னுடையது என்று ஏற்று, அங்கேயே விழுந்து இறந்தான். அதனால்தான் இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் அவன் மேல் நமக்கு வெறுப்பு வருவதில்லை. ஆனாலும் கோவலன் திரும்பி வரவில்லை, மதுரையும் எரிந்தது. பாண்டியன் விலையைக் கொடுத்தான், காலம் கடந்து கொடுத்தான். தலைமைக்கு இரண்டு நேரங்கள் இருக்கின்றன. தவறு நடந்த பிறகு பொறுப்பேற்பது ஒன்று. தவறு நடக்காமலிருக்க முன்கூட்டியே விலை கொடுப்பது இன்னொன்று. முதலாவதைப் பாடுவார்கள். இரண்டாவது யார் கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை.

*

பாண்டியன் அளவுக்குக்கூடப் போகாதவர்கள் அதிகம். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் போட்டார்கள். வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன. இதற்காக வங்கி ஏறக்குறைய 5,300 பேரை, ஐந்து வருஷங்களில், வேலையைவிட்டு அனுப்பியிருந்தது. பெரும்பாலும் கிளைகளில் கவுன்டரில் இருந்தவர்களும் அவர்களுக்கு உடனடி மேலாளர்களும். ஒரு நாளைக்கு இத்தனை கணக்கு திறந்தே ஆக வேண்டும் என்று டார்கெட் வைத்தவர்கள் அந்த 5,300 பேரில் இல்லை. புகார் சொல்வதற்கென்றே நிறுவனம் வைத்திருந்த எண்ணுக்கு அழைத்துச் சொன்ன சிலர் அதன் பிறகு வேலையிழந்ததாகவும் செய்தி வந்தது. தலைமை அதிகாரி அந்த அக்டோபரில் பதவி விலகினார். 2020-இல் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும் வங்கித் தொழிலில் தடையும் வந்தன. அதற்குள் கீழே இருந்தவர்களின் வாழ்க்கையில் நான்கு வருஷம் போயிருந்தது.

யாரும் ‘போலிக் கணக்கு திறங்கள்’ என்று எழுதி உத்தரவு போட வேண்டியதில்லை. நேர்மையாகச் செய்தால் எட்ட முடியாத ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, ‘எப்படிச் செய்வீங்கன்னு தெரியாது, எனக்கு ரிசல்ட் வேணும்’ என்று சொன்னால் போதும். அந்த வாக்கியத்தில் ‘தெரியாது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது அறியாமையைச் சொல்லும் சொல் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது ஒரு முன்ஜாமீன். நாளைக்குப் பிரச்சினை வந்தால் எனக்குத் தெரியாது என்று இன்றைக்கே பதிவு செய்துகொள்வது.

இதைப் படிக்கிறவர்களில் முதலமைச்சரோ வங்கித் தலைவரோ இருக்க வாய்ப்பில்லை. ஆனால் இருபத்தேழு வயதில் டீம் லீட் ஆனவர்கள் இருப்பீர்கள். வானூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறி, எல்லை தாண்டிப் புதுச்சேரித் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறவர்களில், டிப்ளமோ முடித்து நாலைந்து வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனவர்கள் இருப்பீர்கள். ஒருவரை வைத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனி என்று இல்லை, எங்கும் நடக்கக்கூடியதுதான். நாளைக்கு ஆடிட். பாதுகாப்புப் பயிற்சிப் பதிவேட்டில் மூன்று மாதம் காலி. பயிற்சி நடக்கவே இல்லை. மேலே இருந்து ஃபோன் வருகிறது: ‘ரிஜிஸ்டரை சரி பண்ணிடும்மா.’ அவள் ஒப்பந்தத் தொழிலாளிகளைக் கூப்பிட்டு, ‘அண்ணே, இங்க ஒரு கையெழுத்து போடுங்க, சும்மா ஃபார்மாலிட்டிதான்’ என்கிறாள். அவர்கள் போடுகிறார்கள். போடாமல் எப்படி? நாளைக்கு ஷிப்ட் வேண்டும்.

நாளைக்கு ஒருவரின் விரல் மெஷினில் போனால், ‘பயிற்சி கொடுத்தோமே, கையெழுத்து இருக்கிறதே’ என்று அதே காகிதத்தை எடுத்துக் காட்டுவார்கள். தன் விரலுக்கு எதிரான சாட்சியில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். விலை எவ்வளவு அழகாகப் படியிறங்குகிறது பாருங்கள். மேனேஜரிடமிருந்து சூப்பர்வைசருக்கு, சூப்பர்வைசரிடமிருந்து ஒப்பந்தத் தொழிலாளிக்கு. இனி இறங்கப் படி இல்லாத இடத்தில் அது நிற்கிறது.

அந்தப் பெண் என்ன செய்திருக்க வேண்டும்? ‘மறுத்திருக்க வேண்டும்’ என்று சொல்வது நமக்குச் சுலபம். வீட்டு லோன், தங்கை படிப்பு, இந்த வேலையைக் கிடைக்கச் செய்ய அப்பா யார் யாரிடமோ போய் நின்றது, எல்லாம் அவளுக்குப் பின்னால் இருக்கிறது. மறுப்பதற்கு ஒருவர் கொடுக்க வேண்டிய விலை ஏற ஏற, மறுக்காததற்கான அவர் பொறுப்பு குறையத்தான் செய்யும். ஆனால் அது பூஜ்யம் ஆகிவிடாது. அவளுக்குக் கீழே இன்னொருவர் இருக்கிறார் என்பதுதான் காரணம். மேலே ‘முடியாது’ என்று சொல்ல அவளால் முடியாமல் போகலாம். கீழே இருப்பவர் அவளிடம் ‘முடியாது’ என்று சொல்லும்போது, அதற்காக அவருடைய ஷிப்டை வெட்டாமல் இருக்க அவளால் முடியும். ‘சார், ரிஜிஸ்டரை சரி பண்ணணும்னா இன்னைக்கு மதியம் ரெண்டு மணி நேரம் லைனை நிறுத்திப் பயிற்சி கொடுத்துடறேன், இன்னைக்கு தேதியே போட்டுக்கிறேன். பழைய தேதிதான் வேணும்னா ஒரு மெயில் போட்டுடுங்க’ என்று சொல்ல முடியும். இது வீரம் இல்லை. விலையை வந்த வழியே ஒரு படி மேலே திருப்பி அனுப்புவது. அனேகமாக அந்த மெயில் வராது. எழுத்தில் வர முடியாத உத்தரவு எப்படிப்பட்டது என்று இருவருக்குமே தெரிந்துவிடும்.

*

‘எழுதிக் கொடுங்க’ என்ற இந்தச் சாதாரண வாக்கியத்துக்குச் சட்ட மரியாதையும் உண்டு. மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாக வந்தால் பிறகு எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும் என்பது 1968-ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நடைமுறையில் மறந்துபோன அதை, முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் அழுத்திச் சொன்னது. அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் மட்டும் செயல்படக் கூடாது, வந்த உத்தரவைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் புகார் சொல்பவரைப் பாதுகாக்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று 2013-இன் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. ஊழலை அம்பலப்படுத்துபவர்களைக் காப்பதற்கென்றே 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. வருஷங்கள் பல கடந்தும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

ஓமந்தூராரின் நேர்மைக்கு எதிராக வைக்கக்கூடிய நியாயமான கேள்வி இங்கேதான் வருகிறது. ‘கொஞ்சம் வளைஞ்சு கொடுத்து, இன்னும் அஞ்சு வருஷம் இருந்திருந்தா எவ்வளவு செஞ்சிருக்கலாம்?’ ஒரு நல்ல தலைவர் பதவியைவிட்டுப் போகும்போது, அவரை நம்பி ‘முடியாது’ என்று சொன்ன தாசில்தார்கள் எல்லோரும் மறுநாள் காலை தனியாக நிற்கிறார்கள். தன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கிளம்பிப்போவதும் ஒருவகைச் சுயநலம்தானே?

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் அதில் ஒரு ஒளிந்த கணக்கு இருக்கிறது. ‘கொஞ்சம் வளைவது’ என்றால் யார் வளைவது? முதலமைச்சர் வளைந்தால் அவர் முதுகு வலிக்காது. துண்டுச்சீட்டுக்கு வழிவிட்டால், அதை அமல்படுத்துகிறவர் அந்தத் தாசில்தார், அதனால் பாதிக்கப்படுகிறவர் பட்டா கிடைக்காத ஒரு விவசாயி. மேலே ஒரு அங்குலம் வளைந்தால் கீழே ஒரு முழம் முறியும். வளைந்து கொடுப்பதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை, அதில் முறியப்போகிறவருக்கு இருக்கிறதா என்று கேட்டால், அந்த யோசனையின் நிறம் மாறிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த இரண்டு வருஷத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது, ஒடுக்கப்பட்டவர்களுக்கு மாகாணம் முழுக்கக் கோயில் கதவைத் திறக்கும் சட்டம் வந்தது, இரண்டும் 1947-இல். 1948-இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவர் போனார், இவை போகவில்லை. தனிமனிதரின் நல்ல குணம் அவரோடு வண்டியேறிவிடும். அவர் சட்டமாகவும் விதியாகவும் விட்டுப்போனது தங்கும். அப்படியென்றால் அவர் குறை நேர்மை அதிகமாக இருந்தது என்பதில் இல்லை. அதிகாரிக்கு அவர் தந்த பாதுகாப்பு அவருடைய உடம்பிலேயே இருந்தது, ஒரு விதியாக மாறவில்லை என்பதுதான். நாற்காலியில் அவர் இருந்தவரைக்கும் அது சுவர். எழுந்ததும் வெற்றிடம்.

ஆகவே நல்ல தலைவராக இருப்பது முதல் பாதி. தான் இல்லாத நாளிலும் கீழே இருப்பவர் ‘முடியாது’ என்று சொல்வதற்கு ஒரு வழியை உண்டாக்கிவிட்டுப் போவது இரண்டாவது பாதி. ஒரு டீம் லீட் அளவில் அது மிகச் சின்ன விஷயமாக இருக்கலாம். எட்டவே முடியாத டெட்லைனை ‘முடியாது’ என்று மேலே எழுதி அனுப்பி, அந்த மெயிலில் டீமையும் சேர்ப்பது. தவறைச் சொன்ன ஜூனியரின் அப்ரைசலைக் குறைக்காமலிருப்பது, சொன்னார் என்பதை அதில் எழுதிவைப்பது. வாயால் வந்த உத்தரவை எழுத்தாக்கும் பழக்கத்தை, ‘என்ன, என்னை நம்பலையா?’ என்ற கோபம் இல்லாமல் ஏற்றுக்கொள்வது. கடைசியாகச் சொன்னது மூன்றிலும் கஷ்டமானது, ஏனென்றால் அங்கே கேள்விக்கு உள்ளாவது நாம்.

அலுவலகங்களில் மதிப்பு, நேர்மை, வெளிப்படைத்தன்மை என்று கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்திருக்கிறார்கள். அதைப் படிப்பதைவிட ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடந்த ஒரு வருஷத்தில் உங்களுக்குக் கீழே இருக்கும் யாராவது உங்களிடம் ‘முடியாது’ என்று சொன்னார்களா? சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார்? யாருமே சொல்லவில்லை என்றால், நீங்கள் தவறே செய்யாத அதிகாரி என்று சந்தோஷப்பட வேண்டாம். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் பாதை ஒருவழியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.